உலகத்திலேயே அதிகம் செலவான கட்டுமானம் எது? சொன்ன தொகையில் ஏன் எதுவும் முடிவதில்லை?

நீங்கள் கேட்டது இது: உலகத்திலேயே அதிகச் செலவில் கட்டியது எது? ஒரு பட்டியலில் சர்வதேச விண்வெளி நிலையம், இன்னொன்றில் சவுதியின் நியோம் நகரத் திட்டம், மூன்றாவதில் அமெரிக்க நெடுஞ்சாலைகள் என்று ஆளுக்கொன்றை முதலிடத்தில் போட்டிருக்கிறார்களே, எது சரி? எல்லாமே முதலில் சொன்ன தொகையைத் தாண்டியவை என்கிறார்களே, நடுவில் பணத்தை அடித்துவிடுகிறார்களா? சொன்ன தொகைக்குள் முடிந்த பெரிய வேலை ஒன்றாவது உண்டா? முதல் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, கூடுதல் பணம் எங்கே போகிறது என்பதைத்தான் என்று தோன்றுகிறது. சுரங்கப்பாதை, மெட்ரோ வேலைகளுக்கு எஸ்டிமேட் போடுவதும், அப்புறம் கான்ட்ராக்டர்கள் கூடுதல் பணம் கேட்டு அனுப்பும் க்ளெய்ம்களைச் சரிபார்ப்பதுமாகவே என் உத்தியோகம் ஓடியிருக்கிறது. அந்த மேஜையிலிருந்து பார்த்துச் சொல்கிறேன். விண்வெளியும் அணு உலையும் என் துறை இல்லை. அவற்றில் வெளியான கணக்கைப் படித்தவன் மட்டுமே.

பட்டியலை முதலில் முடித்துவிடுவோம். விண்வெளி நிலையத்துக்கு வழக்கமாகச் சொல்லும் தொகை 150 பில்லியன் டாலர். ஒரு பில்லியன் என்றால் நூறு கோடி. அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால், 36 ஷட்டில் விண்கலப் பயணங்களுக்குத் தலா 1.4 பில்லியன் என்று போட்ட கிட்டத்தட்ட 50 பில்லியன் அதற்குள் இருக்கிறது. அதாவது மூன்றில் ஒரு பங்கு சாமான் கொண்டுபோன செலவு. அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளுக்கு 1956இல் அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் ஒதுக்கியது 25 பில்லியன். 1991இல் வந்த கடைசி மதிப்பீடு 128.9 பில்லியன். இன்றைய பணத்தில் அது விண்வெளி நிலையத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் முப்பத்தைந்து வருஷம், ஆயிரக்கணக்கான தனித்தனி டெண்டர் என்று போனதை ஒரே கட்டுமானம் என்று சொல்லலாமா என்பது தனி வழக்கு. சீனாவின் அதிவேக ரயில் பாதையும் 40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, அதுவும் போட்டியில் இருக்கும். ஆனால் அங்கே செலவு ரயில்வேக்கும் மாகாண அரசுகளுக்கும் இடையே பிரிந்து கிடப்பதால், ஒற்றைத் தொகையை நம்பி வரிசை போடமாட்டேன். நியோமுக்குச் சொல்லும் 500 பில்லியன் 2017இல் அறிவித்த தொகை. செலவழித்த தொகை அல்ல. 170 கிலோமீட்டர் நீள நகரம் என்று சொன்னதில் 2030க்குள் 2.4 கிலோமீட்டர்தான் முடியும் என்று 2024இல் செய்தி வந்தது. இதைப் பட்டியலில் சேர்ப்பது, விலை விசாரித்ததையெல்லாம் வாங்கியதாகக் கணக்கில் எழுதுகிற மாதிரி. ஆக, ஒரே பொருளாக நிற்பதில் விண்வெளி நிலையம். வலைப்பின்னலையும் சேர்த்தால் இன்டர்ஸ்டேட். இப்போதைக்கு இதுதான் என் பதில்.

எந்த வருஷத்துப் பணத்தில் சொல்கிறார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. இங்கிலாந்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஹிங்க்லி பாயின்ட் சி அணுமின் நிலையத்துக்கு 2024 ஜனவரியில் அதைக் கட்டும் பிரெஞ்சு மின் நிறுவனமான ஈ.டி.எஃப். புதுத் தொகை சொன்னது: 2015ஆம் வருஷ விலையில் 31 முதல் 35 பில்லியன் பவுண்டு. அதையே 2024 விலைக்கு மாற்றிச் சில பத்திரிகைகள் 46 பில்லியன் என்று தலைப்புப் போட்டன. இரண்டுமே சரிதான். ஆரம்பத்தில் சொன்ன 18 பில்லியன் 2015 விலை. அதோடு 46ஐ ஒப்பிட்டால் இரண்டரை மடங்கு என்று வரும். 35ஐ ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. "மூன்று மடங்கு எகிறியது", "ஐந்து மடங்கு எகிறியது" என்று எங்கேயாவது படித்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

இனி பணம் எங்கே போகிறது என்பது. பொதுவாகப் பேசினால் பிடிபடாது. எங்கள் தொழிலில் எல்லாரும் அலசிப் பார்த்த ஒரு வேலையை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் போஸ்டன் நகரத்து 'பிக் டிக்'. ஊரின் நடுவே 1959இல் திறந்த ஆறு வழி மேம்பாலச் சாலை ஒன்று இருந்தது. ஒரு நாளைக்கு 75,000 வண்டிக்கு என்று கட்டியது. 1990களில் இரண்டு லட்சம் வண்டி போய்க்கொண்டிருந்தது. அதைப் பூமிக்கடியில் இறக்கிவிட்டு மேலே இருப்பதை இடித்துவிடுவது, துறைமுகத்துக்கு அடியில் விமான நிலையத்துக்கு ஒரு சுரங்கம், வடக்கே சார்ல்ஸ் நதிமேல் ஒரு பாலம். இவ்வளவுதான் திட்டம். மத்திய அரசுப் பணத்துக்கான சட்டத்தை 1987இல் அதிபர் ரேகன் வீட்டோ செய்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை மீறி நிறைவேற்றியது. செனட்டில் ஒரே ஒரு ஓட்டு குறைந்திருந்தால் திட்டமே இல்லை. 1991இல் தொடங்கிய வேலை 2007 டிசம்பரில் முடிந்தது. முதலில் சொன்னது 2.8 பில்லியன் டாலர். முடிந்தபோது 14.8 பில்லியன்.

இதில் பேச வேண்டிய விஷயம், பழைய மேம்பாலம் நின்ற இடத்துக்கு நேர் கீழேதான் புதுச் சுரங்கம் என்பது. ஒரு நாள்கூடச் சாலையை மூட முடியாது. அதனால் முதலில் மேம்பாலத்துக்கு இரண்டு பக்கமும் குறுகலான பள்ளம் தோண்டினார்கள், சில இடங்களில் 120 அடி ஆழம். அவ்வளவு ஆழத்துக்குப் பள்ளம் சும்மா நிற்காது, இடிந்து விழும். தோண்டத் தோண்ட பென்டோனைட் என்ற களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து நிரப்பிக்கொண்டே போக வேண்டும்; அந்தக் கரைசலின் கனம்தான் பக்கச்சுவரைத் தாங்கும். அடி தொட்டதும் இரும்பு உத்தரங்களை உள்ளே இறக்கி, நீளமான குழாய் வழியாக அடியிலிருந்து கான்கிரீட்டை ஏற்றுவார்கள். கான்கிரீட் எழும்ப எழும்பக் கரைசல் மேலே வழியும். அதை உறிஞ்சி, மண்ணை வடிகட்டி, அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுபோவார்கள். இப்படி இரண்டு பக்கமும் சுவர் எழும்பிய பிறகு, குறுக்கே உத்தரம் போட்டு மேம்பாலத்தின் பாரத்தை அதன்மேல் மாற்றி, பழைய அஸ்திவாரத்தை அறுத்து எடுத்துவிட்டு, அதற்குக் கீழே தோண்ட வேண்டும். தலைக்கு மேல் இரண்டு லட்சம் வண்டி போய்க்கொண்டே இருக்கும். இது தொடங்குவதற்கு முன்னாலேயே கேஸ், மின்சாரம், தொலைபேசி, சாக்கடை, குடிநீர் என்று 31 நிறுவனங்களுக்குச் சொந்தமான 29 மைல் குழாய்களையும் கேபிள்களையும் இடம் மாற்றினார்கள். 1982இல் போட்ட தொகையில் இந்த மாதிரி வேலைகளெல்லாம் முழுசாக வரவில்லை.

ஃபோர்ட் பாயின்ட் கால்வாய்ப் பக்கம் இதைவிடச் சிக்கல். தண்ணீருக்கடியில் சுரங்கம் போட வழக்கமான வழி, இரும்புக் குழாய்த் துண்டுகளை வேறெங்கோ செய்து மிதக்கவிட்டுக் கொண்டுவந்து மூழ்கடிப்பது. துறைமுகச் சுரங்கத்துக்கு அப்படித்தான் செய்தார்கள். இந்தக் கால்வாயின் மேல் தாழ்வான பாலங்கள் இருந்ததால் எதையும் உள்ளே மிதக்கவிட்டுக் கொண்டுவர முடியவில்லை. கரையிலேயே பெரிய குழி வெட்டி, அதற்குள் கான்கிரீட் துண்டுகளை வார்த்து, குழியில் தண்ணீர் நிரப்பி மிதக்கவைத்து வெளியே கொண்டுவந்தார்கள். மூழ்கடிக்கும் இடத்துக்குக் கீழே பழைய மெட்ரோ ரயில் சுரங்கம் ஓடுகிறது. அதன்மேல் பாரம் ஏறக்கூடாது என்று ஆழத் துளைத்த தூண்களின் மேல் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் சவுத் ஸ்டேஷனின் தண்டவாளங்கள். அங்கே மண் என்பதே முந்தைய நூற்றாண்டுகளில் கடலைத் தூர்த்த மண்: மரத்தூண்கள், பழைய கற்சுவர், எல்லாம் கலந்து கிடந்தன. அதைக் கட்டிப்பிடிக்க உப்புக்கரைசலைக் குளிரவைத்து, மண்ணுக்குள் இறக்கிய குழாய்களில் மாதக்கணக்கில் ஓடவிட்டு, மண்ணையே உறையவைத்தார்கள். அப்புறம் உறைந்த மண்ணைக் குடைந்துகொண்டே, வீடு அளவுக்கான கான்கிரீட் பெட்டியைப் பின்னாலிருந்து ஜாக்கி வைத்துத் தள்ளினார்கள். மேலே ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுரங்க வேலைக்காரனாக எனக்கு இன்றைக்கும் இதைப் படித்தால் மயிர்க்கூச்செறியும். ஆனால் 1982இல் மேஜையில் உட்கார்ந்து எஸ்டிமேட் போட்டவர் இதற்கு என்ன ரேட் போட்டிருப்பார்?

சரி, 2.8 எப்படி 14.8 ஆனது? 2.8 என்பது 1982 விலை. 14.8 என்பது அந்தந்த வருஷத்தில் கொடுத்த பணத்தை அப்படியே கூட்டியது. விலைவாசியைக் கழித்து 1982 பணத்துக்குக் கொண்டுவந்தால் முடிவுத் தொகை சுமார் 8 பில்லியன். ஐந்து மடங்கு என்று ஊரெல்லாம் பேசியது உண்மையில் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று மடங்கே அநியாயம்தான், மறுக்கவில்லை. மீதியில் பெரிய பகுதி முதல் கணக்கில் வராத வேலைகள்: குழாய் மாற்றம், அக்கம்பக்கத்துக்காரர்களைச் சமாளிக்கச் செய்தவை, சார்ல்ஸ் நதியைக் கடக்கப் போட்ட முதல் வடிவத்தை ஊரே எதிர்த்து மாற்றவைத்தது, பிறகு மண்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் க்ளெய்ம் ஃபைல்களில் நான் அதிகம் பார்த்தது அதைத்தான். சுரங்கம் போகும் பாதையில் ஐம்பது, நூறு மீட்டருக்கு ஒரு துளை போடுவார்கள். துளையின் அகலம் ஒரு சாண்கூட இருக்காது. வெளியே எடுக்கும் பாறைத்தண்டுகளை ஆழ வரிசைப்படி மரப்பெட்டியில் அடுக்கிவைப்பார்கள். நடுவில் ஒன்றரை மீட்டர் பாறை பொடிந்துபோய் எதுவும் கைக்கு வரவில்லை என்றால், அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து அளவை எழுதிவிடுவார்கள். வரைபடத்தில் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் புள்ளிக்கோடு இழுத்து, இதுவரை களிமண், இதற்குக் கீழே பாறை என்று காட்டியிருக்கும். டெண்டர் போடுகிறவர் அந்தப் புள்ளிக்கோட்டை நம்பி ரேட் போடுகிறார். நான் பார்த்த மெட்ரோ வேலைகளில் பெரிய க்ளெய்ம் வந்த இடங்கள் பெரும்பாலும் அந்த மரக்கட்டை இருந்த இடங்கள், அல்லது இரண்டு துளைக்கு நடுவில் யாரும் பார்க்காத இடங்கள். சுரங்கம் குடையும் இயந்திரம் களிமண்ணுக்கென்று பல் கட்டி இறங்கும். பாதி முகம் பாறை, பாதி முகம் மணல் என்று வந்து நிற்கும். பல் உடையும், மேலே மணல் சரியும், வேலை நிற்கும். நின்றாலும் ஆளுக்குச் சம்பளம், இயந்திரத்துக்கு வாடகை, கடனுக்கு வட்டி எதுவும் நிற்காது. இன்னும் நெருக்கமாகத் துளை போட்டிருக்கலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் மண் பரிசோதனைக்குப் பணம் ஒதுக்க வேண்டிய நேரத்தில் திட்டத்துக்கே அனுமதி வந்திருக்காது. அனுமதி வந்ததும் அடிக்கல் நாட்டும் தேதி வந்துவிடும்.

பணம் அடிப்பது இல்லையா என்றால், இருக்கிறது. போஸ்டனிலேயே இருந்தது. கான்கிரீட் சப்ளை செய்த நிறுவனம் மிஞ்சிய பழைய கான்கிரீட்டைப் புதுசோடு கலந்து அனுப்பியதற்காக 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 மில்லியன் டாலர் கட்டியது. 2004இல் சுவர் ஒழுகிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் கொட்டியது, 2006இல் எபாக்ஸிப் பசையில் ஒட்டிய போல்ட்டுகள் மெல்ல மெல்ல வழுக்கி மேற்கூரைப் பலகைகள் ஒரு கார்மேல் விழுந்து பயணி ஒருவர் இறந்தது ஆகியவற்றுக்காக, திட்டத்தை நிர்வகித்த பெக்டெல்–பார்சன்ஸ் பிரிங்கர்ஹாஃப் கூட்டு 2008இல் 407 மில்லியன் கொடுக்க ஒப்புக்கொண்டது. சிறிய ஒப்பந்தக்காரர்களையும் சேர்த்தால் மொத்தம் ஐந்நூறு மில்லியன் சொச்சம். பெரிய தொகைதான். ஆனால் 14.8 பில்லியனில் அது மூன்றரை சதவீதம். பிடிபடாதது எவ்வளவு என்று கேட்பீர்கள். அதைப்போல இரண்டு மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் மூன்று மடங்கு உயர்வுக்கு அது விளக்கமாகாது. லஞ்சம் வேறு சில நாடுகளில் இதைவிடப் பெரிய காரணமாக இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் லஞ்சம் குறைந்த நாடுகளிலும் தொகை எகிறத்தான் செய்கிறது.

எனக்கு அதிகம் உறுத்துவது முதல் தொகை எப்படிப் பிறக்கிறது என்பது. டேனிஷ் ஆய்வாளர் பென்ட் ஃப்ளுவ்பியர்க் குழு 2002இல் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்தது. பத்தில் ஒன்பது தொகையைத் தாண்டியிருந்தன. ரயில் வேலைகள் சராசரியாக 45 சதவீதம், பாலமும் சுரங்கமும் 34, சாலைகள் 20. இவை விலைவாசியைக் கழித்த கணக்கு. எழுபது வருஷத்துத் திட்டங்களைப் பார்த்தும் நாளாக நாளாகத் துல்லியம் கூடியதாகத் தெரியவில்லை. இந்த எண்கள் உறுதி. தெரியாமல் தப்பினால் சில நேரம் கூட, சில நேரம் குறைய என்று இரண்டு பக்கமும் தப்ப வேண்டும். எப்போதும் ஒரே பக்கம் தப்புகிறது என்றால் வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். இங்கேதான் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு. பொய் சொல்கிறார்களா, இல்லை தன் திட்டம் மட்டும் ஒழுங்காகப் போகும் என்று உண்மையாகவே நம்புகிறார்களா? என் அனுபவத்தில் இரண்டும் ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்திருக்கும். கீழே எஸ்டிமேட் போடுகிறவர் நம்பிப் போடுவார். அதில் எதிர்பாராச் செலவுக்கு வைத்த இருபது சதவீதத்தை மேலே ஒருவர் தெரிந்தே வெட்டுவார். போஸ்டனில் மேலே இருந்தவர்களின் பங்கு ஆவணத்திலேயே இருக்கிறது. செலவு 14 பில்லியனை நெருங்கும் என்று நிர்வாக நிறுவனம் 1994 கடைசியிலேயே அதிகாரிகளிடம் சொல்லியிருந்தது, வெளியே மிகக் குறைந்த தொகைதான் சொல்லப்பட்டது என்று அரசுச் செலவுகளைக் கண்காணிக்கும் மாநில இன்ஸ்பெக்டர் ஜெனரல் 2001இல் அறிக்கை தந்தார். 2000 பிப்ரவரியில் திடீரென்று 1.4 பில்லியன் கூடுதல் என்று அறிவித்தார்கள். திட்டத்துக்கான கடன் பத்திரம் வாங்கியவர்களிடம் அதை மறைத்தது தவறு என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமும் பின்னால் முடிவு செய்தது. சான் பிரான்சிஸ்கோவின் முன்னாள் மேயர் வில்லி பிரவுன் இதை ஒளிவுமறைவில்லாமல் பத்திரிகையிலேயே எழுதினார்: முதல் பட்ஜெட் வெறும் அட்வான்ஸ், உண்மைத் தொகை தெரிந்தால் எதற்கும் அனுமதி கிடைக்காது, குழியைப் பெரிசாகத் தோண்டிவிட்டால் மூடப் பணம் தந்தே ஆக வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

கான்ட்ராக்டர் பக்கமும் இதே கதைதான், அளவு மட்டும் சிறியது. குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்று இருந்தால், வரைபடத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அந்த ஓட்டையை நம்பிக் குறைத்துப் போடுவார். வேலை கிடைத்த மறுமாதமே முதல் க்ளெய்ம் கடிதம் வரும். ஒரு வேலையில் சுரங்க இயந்திரம் தளத்துக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே க்ளெய்ம் கடிதங்களுக்குத் தனி அலமாரி போட வேண்டியிருந்தது. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, விளையாட்டு விதி அப்படி.

பட்டியல்களில் வராத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று வட்டி. பிக் டிக்குக்கு வட்டியோடு சேர்த்து 22 முதல் 24 பில்லியன் வரை கணக்கிட்டிருக்கிறார்கள்; கடன் 2038 வரை ஓடும். இன்னொன்று வரவுப் பக்கம். இங்கிலாந்து–பிரான்ஸ் கால்வாய்ச் சுரங்கத்தின் கட்டுமானச் செலவு முதலில் சொன்னதை 80 சதவீதம் தாண்டியது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதில் பணம் போட்டவர்களை உண்மையில் கவிழ்த்தது பயணிகள் கணிப்பு. திறந்த வருஷம் யூரோஸ்டார் ரயில்களில் 1.59 கோடிப் பேர் வருவார்கள் என்று கணித்தார்கள். முழுசாக ஓடிய முதல் வருஷமான 1995இல் வந்தவர்கள் 29 லட்சம் சொச்சம்.

கடைசியாக, ஒன்றாவது ஒழுங்காக முடிந்ததா என்ற கேள்வி. மாட்ரிட் மெட்ரோவைச் சொல்வேன். 1995 முதல் 2003 வரை மனுவல் மெலிஸ் என்ற இன்ஜினியரின் தலைமையில் சுமார் 130 கிலோமீட்டர் பாதை கட்டினார்கள். 40 கிலோமீட்டர் வட்டப்பாதையான மெட்ரோசூர், 28 ஸ்டேஷன்களோடு, நாலு வருஷத்துக்குள் முடிந்து 2003இல் திறந்தது. ஸ்டேஷன்களுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் கிடையாது. கிட்டத்தட்ட ஒரே வடிவம், ஆழம் குறைவு, மேலேயிருந்து வெட்டிக் கட்டியவை. பழகிய இயந்திரம், பழகிய முறை, புதுமை வேண்டாம் என்று எழுதப்படாத சட்டம். டெண்டரில் விலைக்கு மட்டும் முழு மதிப்பெண் இல்லை. தளத்தில் தகராறு வந்தால் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் பக்கத்திலேயே இருந்தார். நியூயார்க்கின் செகண்ட் அவென்யூ மெட்ரோ முதல் கட்டம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு, மூன்று புது ஸ்டேஷன், 4.45 பில்லியன் டாலர்; மாட்ரிட்டுக்குக் கிலோமீட்டருக்கு ஆனது அதில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. மாட்ரிட்டின் மண் பெரும்பாலும் கெட்டியான களிமண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போஸ்டனில் மெலிஸே வந்திருந்தாலும் இது நடந்திருக்காது. அதே மாட்ரிட் 2007இல் சான் ஃபெர்னாண்டோ டே எனாரஸ் ஊருக்கு நீட்டித்துத் திறந்த 7பி பாதையில், நிலத்தடியில் கரையும் உப்புப் படிவம் இருந்தது. சுரங்கத்துக்குள் கசிந்த தண்ணீர் அதைக் கரைக்க, மேலே வீடுகளில் விரிசல் விட்டு, டஜன் கணக்கில் வீடுகளை இடித்துவிட்டார்கள். பாதையைப் பலமுறை மூடிப் பழுது பார்த்தும் தீரவில்லை. வீடிழந்தவர்களுக்கு நஷ்டஈடும் தரவேண்டியிருக்கிறது.